குழந்தை காணாமல்போகும் சஸ்பென்ஸ் நாவல்: வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்த வகை நாவல்களின் கதையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: யாரோ சில நிமிடம் கவனிக்காத நேரத்தில் ஒரு குழந்தை காணாமல்போகிறது, மீதிப் பக்கங்களெல்லாம் தேடல். கதை ஒரு வரிதான் என்றாலும், படித்தவர்கள் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் லேசில் ஓய்வதில்லை. கொலைக் கதையைப் படித்துவிட்டு "நான் அப்போதே ஊகித்துவிட்டேன்" என்ற பெருமையோடு எழுந்துபோகிறவர்கள்கூட, குழந்தை தொலைந்த கதை என்றால் உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள். வாசிப்புக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப என் காதில் விழும் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். ஒரு எச்சரிக்கை: நான்கு நாவல்களின் முடிவுகள் இதில் வெளிப்பட்டுவிடும்.

குழந்தை உயிரோடு கிடைக்குமா? அதை மட்டும் சொல்லுங்கள், பிறகு படிக்கிறேன்.

அதிகமாக வரும் கேள்வி இதுதான். "கொலையாளி யார் என்று சொல்லுங்கள், பிறகு படிக்கிறேன்" என்று யாரும் கேட்பதில்லை. இங்கே மட்டும் கேட்கிறார்கள், அதுவும் சற்றுக் கூச்சத்தோடு. கூச்சப்பட ஒன்றுமில்லை. கேட்பவருக்கு நான் சொல்லிவிடுவேன்.

முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்பது நாம் நினைக்கும் அளவுக்கு உறுதியான உண்மை அல்ல. 2011இல் ஜோனதன் லீவிட், நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 12 சிறுகதைகளை, சிலருக்கு முடிவைச் சொல்லியும் சிலருக்குச் சொல்லாமலும் படிக்கக் கொடுத்தார்கள். முடிவு தெரிந்து படித்தவர்களே சற்றுக் கூடுதலாக ரசித்திருந்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் சில இதற்கு மாறாகவும் சொல்லியிருக்கின்றன, எனவே இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு இதில் ஆய்வைவிடக் கர்ணன் கதைதான் பெரிய சாட்சி. ஆற்றில் விடப்பட்ட குழந்தை யாருடையது என்பது கதை கேட்பவருக்கு முதலிலேயே தெரியும். தெரியாதவன் கர்ணன்தான். வித்தைகள் அரங்கேறும் மைதானத்தில் அவனைப் பார்த்ததும் குந்தி மயங்கிச் சரிகிறாள். சுற்றியிருப்பவர்களுக்குக் காரணம் விளங்கவில்லை, நமக்கு விளங்குகிறது. இத்தனை நூற்றாண்டுகளாக முடிவு தெரிந்தேதான் அந்தக் கதையை எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மேசைக்கு அடியில் இருக்கும் குண்டு திடீரென்று வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி, அது அங்கே இருப்பது பார்வையாளருக்கு முன்பே தெரிந்தால் 15 நிமிட சஸ்பென்ஸ் என்று திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் கணக்குச் சொன்னதும் இதையேதான்.

தாயின் மீது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் எப்படிக் கையை விட்டாள்?

பதிலுக்கு முன் ஒரு எதிர்க்கேள்வி: அந்த நேரத்தில் தந்தை எங்கே இருந்தான்?

பெரும்பாலானவர்களுக்கு நினைவிருப்பதில்லை. நாவலில் எழுதித்தான் இருக்கும். தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்திருப்பான், அல்லது வண்டியை நிறுத்தப் போயிருப்பான். வாசகர் அதைப் படித்துவிட்டுக் கடந்திருப்பார். பத்தாம் நாள் தந்தை வேலைக்குத் திரும்பினால் "பாவம், மனதைத் தேற்றிக்கொள்கிறான்" என்கிறோம். தாய் திரும்பினால் கல்நெஞ்சக்காரி. அவள் அழாவிட்டால் சந்தேகம் வருகிறது, அதிகமாக அழுதால் நடிப்பு என்று தோன்றுகிறது. நாவலுக்குள் இருக்கும் அக்கம்பக்கத்தாரும் பத்திரிகைக்காரர்களும் இப்படித்தான் பேசுகிறார்கள். வெளியே உட்கார்ந்திருக்கும் நாமும் அவர்களோடு சேர்ந்துகொள்கிறோம்.

இந்தக் கோபத்துக்கு இரண்டு ஊற்றுகள். ஒன்று, நடந்து முடிந்த எதுவும் முன்பே தெரிந்திருக்க வேண்டியதாகத் தோன்றுவது. பாரூக் ஃபிஷாஃப் என்ற உளவியலாளர் 1975இல் இதைச் சோதித்துக் காட்டினார். விளைவு சொல்லப்பட்டவர்களுக்கு அந்த விளைவு அப்போதே எளிதில் ஊகிக்கக்கூடியதாகத் தெரிந்தது. நாம் பின்னட்டையைப் படித்துவிட்டு நாவலுக்குள் போகிறோம். குழந்தை தொலையப்போவது நமக்குத் தெரியும், முதல் அத்தியாயத்தில் நிற்கும் தாய்க்குத் தெரியாது. நாம் அறிந்ததை அவளும் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

இரண்டாவது ஊற்று இன்னும் ஆழம். உலகம் நியாயமாக நடக்கிறது, தவறு செய்பவருக்குத்தான் கெடுதல் வரும் என்று நம்ப விரும்புகிறோம் என மெல்வின் லெர்னர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதினார். அந்த விருப்பத்தை இந்தக் கதையில் பொருத்திப் பாருங்கள். அவள் தவறு செய்தாள், நான் அந்தத் தவறைச் செய்யமாட்டேன், ஆகவே என் வீட்டில் இது நடக்காது. அவள் மீது வரும் ஆத்திரம் நாம் நம் கையில் கட்டிக்கொள்ளும் தாயத்து. அவள் எந்தத் தவறும் செய்யவில்லை என்று ஒப்புக்கொண்டால் தாயத்து அறுந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப்போய், அவள் செய்ததைப் பட்டியல் போட்டுப் பாருங்கள். திரும்பிப் பணம் கொடுத்திருப்பாள். இன்னொரு குழந்தையின் செருப்பு வாரை மாட்டிவிட்டிருப்பாள். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்குத் தலையைத் திருப்பியிருப்பாள். இயன் மெக்யூவனின் 1987ஆம் ஆண்டு நாவலான 'த சைல்ட் இன் டைம்' இங்கே கவனிக்கத்தக்கது. அதில் சூப்பர் மார்க்கெட்டில் மூன்று வயது மகளைத் தவறவிடுவது தந்தை. அதைப் படித்தவர்கள் அவனுடைய துயரத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அவனுடைய கவனக்குறைவை யாரும் விசாரிப்பதில்லை.

எழுத்தாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தாய்க்குக் குடிப்பழக்கத்தையோ கள்ள உறவையோ ஒட்டவைத்து, அதைப் புகைமூட்டமாகப் பயன்படுத்தும் நாவல்கள் ஏராளம். எனக்கு அவற்றின் மேல் மதிப்பில்லை. நம் கோபத்தைத் தூண்டிவிட்டு, அந்தக் கோபத்தோடு நம்மையே நேருக்கு நேர் நிற்கவைப்பவைதான் நல்ல நாவல்கள்.

நடுவில் நூறு பக்கம் எதுவுமே நடக்கவில்லை. வெட்டியிருக்கலாமே?

சில நாவல்களில் கட்டாயம் வெட்டியிருக்கலாம். கனவுக் காட்சி மூன்றாவது முறை வந்தால் நான் புத்தகத்தை மூடிவைத்துவிடுவேன்.

ஆனால் எதுவும் நடக்காமல் இருப்பதுதான் இந்தக் கதையின் முக்கியமான நிகழ்ச்சி. பாலின் பாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்து, இந்த நிலைக்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். ஆள் இல்லை, ஆனால் இறந்துவிட்டதாகச் சொல்லவும் வழியில்லை. சடங்கு செய்ய முடியாது, துக்கம் விசாரிக்க வருபவர்களுக்கும் என்ன சொல்வதென்று தெரியாது. அழுதால் நம்பிக்கையைக் கைவிட்டதாகும், அழாமலிருந்தால் மறந்துவிட்டதாகும்.

இதை ஒரு நாவலாசிரியர் எப்படிக் காட்டுவார்? வீடு மாற மறுக்கும் தாயாக, பழைய தொலைபேசி எண்ணை விடாமல் வைத்திருக்கும் தந்தையாக, இப்போது இருந்தால் எந்த அளவு சட்டை பொருந்தும் என்று யோசித்து வாங்கி அடுக்கிவைக்கும் பாட்டியாக. இவற்றை விறுவிறுப்பாக எழுத முடியாது, எழுதினால் பொய்யாகிவிடும்.

புறநானூற்றின் 86ஆம் பாட்டில், வீட்டுத் தூணைப் பிடித்து நின்றுகொண்டு உன் மகன் எங்கே என்று கேட்பவளுக்கு, அவன் எங்கே இருக்கிறான் என்று அறியேன் என்று ஒரு தாய் பதில் சொல்கிறாள். பாடியவர் காவற்பெண்டு. அந்த அறியாமையில் பெருமிதம் இருக்கிறது, ஏனென்றால் அவன் போர்க்களத்தில் தோன்றுவான் என்று முடிக்க அவளுக்கு ஒரு வரி மிச்சமிருக்கிறது. அதே கேள்வியை நம் நாவல்களின் தாயிடம் கேட்டால் அவளும் அறியேன் என்றுதான் சொல்வாள். அதற்கு மேல் சொல்ல அவளிடம் வரி இல்லை.

நல்ல மந்தத்தையும் கெட்ட மந்தத்தையும் பிரிக்க எனக்கு ஒரு அடையாளம் உண்டு. அதே காட்சி திரும்ப வரும்போது ஏதாவது ஒன்று குறைந்திருக்க வேண்டும். தேட வருபவர்கள் முப்பதிலிருந்து நான்காக வேண்டும், சுவரொட்டியில் முகம் வெளுக்க வேண்டும், தினமும் வந்த பக்கத்து வீட்டுக்காரி வாரம் ஒருமுறை வர வேண்டும். ஒன்றுமே குறையாமல் வானிலை வருணனை மட்டும் மாறினால், உங்கள் புகார் நியாயமானது.

கதைசொல்லி என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாள். இது ஏமாற்று வேலை இல்லையா?

இந்தச் சண்டை பழையது. 1926இல் அகதா கிறிஸ்டி 'த மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' நாவலில் கதை சொல்பவரையே கொலையாளியாக்கியபோது, இது ஆட்ட விதிக்கு உட்பட்டதா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதியபோது முதல் கட்டளையையே இதற்கு ஒதுக்கினார்: குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும், ஆனால் வாசகர் யாருடைய மனவோட்டத்தைப் பின்தொடர அனுமதிக்கப்பட்டாரோ அவராக இருக்கக் கூடாது.

நான் அவ்வளவு கறார் இல்லை. சொல்லாமல் விடுவது வேறு, பொய் சொல்வது வேறு. கிறிஸ்டியின் கதைசொல்லி சில நிமிடங்களைச் சொல்லாமல் தாண்டிப்போகிறார். திரும்பப் படித்தால் அந்த வாக்கியங்கள் உண்மையாகவே நிற்கின்றன. குழந்தை காணாமல்போகும் நாவலில் விஷயம் கொஞ்சம் சிக்கலாகிறது. குழந்தை எங்கே என்று தெரிந்த ஒருத்தி, தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, "ஐயோ, நீ எங்கே இருக்கிறாய்" என்று மனதுக்குள் அழுவதாக எழுதிவிட்டுக் கடைசியில் திருப்பம் வைத்தால் கோபம் வரத்தான் செய்யும். கூட்டம் ஒன்றில் ஒருவர் கேட்டார்: "அந்த அறையில் வேறு யாருமே இல்லையே, பிறகு யாரை ஏமாற்ற அழுதாள்? என்னைத்தானே?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த நாவலை அன்றோடு பரிந்துரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

இரண்டு காலங்கள் மாறி மாறி வருவது குழப்புகிறது.

அத்தியாயத் தலைப்பில் இருக்கும் ஆண்டைப் படிக்காமல் தாண்டுவதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். மீதிப் பாதிக்கு ஆசிரியரைத் திட்டலாம்.

நான் பாதியிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். அப்படியானால் நாவல் தோல்விதானே?

ஆளைக் கண்டுபிடித்த பிறகும் கடைசிவரை படித்தீர்களா? படித்தீர்கள் என்றால் தோல்வி இல்லை.

போலீஸ் 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது, முன்பின் தெரியாத ஆள் கடத்துகிறான். உண்மையில் இப்படித்தான் நடக்குமா?

இரண்டுமே கதைகளில்தான் அதிகம். குழந்தை காணாமல்போனால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை, உடனே தகவல் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் இப்படிக் காத்திருக்கவைப்பதை 1990ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று வெளிப்படையாகவே தடை செய்தது. அதற்குப் பிந்தைய காலத்தில் அங்கே நடப்பதாகச் சொல்லப்படும் நாவலில் இன்னும் 24 மணி நேர வசனம் வந்தால், எழுத்தாளர் வேறு நாவல்களைப் படித்து எழுதியிருக்கிறார் என்று அர்த்தம்.

கடத்தல் பற்றிய கணக்கும் கவனிக்க வேண்டியது. அமெரிக்க நீதித்துறைக்காகச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு, 1999ஆம் ஆண்டில் காணாமல்போனதாகத் தகவல் தரப்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 7,97,500 என்று மதிப்பிட்டது. நாவல்களில் வருவதுபோல அந்நியரோ அரைகுறையாகத் தெரிந்தவரோ தூக்கிக்கொண்டுபோய் வைத்துக்கொள்ளும் கடத்தல்கள் அந்த ஆண்டில் சுமார் 115. மீதிப் பேரில் வீட்டை விட்டு ஓடியவர்கள், வழிதவறியவர்கள், தகவல் பரிமாற்றக் கோளாறால் சில மணி நேரம் காணாமலிருந்தவர்கள், பிரிந்த பெற்றோரில் ஒருவரால் கொண்டுசெல்லப்பட்டவர்கள் என்று பல வகை. மிக அரிதாக நடப்பதைத்தான் நாவல்கள் மிக அதிகமாக எழுதுகின்றன. அதில் குற்றம் காண எனக்கு மனமில்லை. புத்தகத்தை மூடிய பிறகு தெருவில் போகிற ஒவ்வொருவரையும் சந்தேகமாகப் பார்க்கும் வாசகருக்கு மட்டும் இந்த 115ஐ நினைவூட்டுவேன்.

கடைசிவரை குழந்தை கிடைக்கவேயில்லை. நானூறு பக்கம் எதற்காகப் படித்தேன்?

கோபம் புரிகிறது. ப்ளூமா சைகார்னிக் என்ற உளவியலாளர் 1927இல் எழுதியது இது: முடித்த வேலைகளைவிடப் பாதியில் நிறுத்தப்பட்டவை நினைவில் அதிகம் தங்குகின்றன. "தொடரும்" என்ற ஒற்றைச் சொல்லை வைத்து வாரப் பத்திரிகைகள் எத்தனையோ காலம் நம்மைக் கட்டிவைத்திருந்தது இப்படித்தான். தொடருக்காவது அடுத்த வாரம் இருந்தது. முடிவு திறந்தே இருக்கும் நாவலுக்கு அதுவும் கிடையாது.

ஆனால் இங்கே இரண்டு எதிர்பார்ப்புகள் கலந்துகிடக்கின்றன, அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குழந்தை கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. என்ன நடந்தது என்று தெரிய வேண்டும் என்பது இன்னொன்று. மெக்யூவனின் நாவலில் மகள் கிடைப்பதில்லை, யார் கொண்டுபோனார்கள் என்பதும் கடைசிவரை தெரிவதில்லை. அப்படியும் அது முடிந்த நாவலாகவே தோன்றுகிறது, ஏனென்றால் விலகிப்போன கணவனும் மனைவியும் வேறொரு பிறப்பின் முன்னால் மறுபடி சேர்கிறார்கள். தேடல் முடியாவிட்டாலும் தேடியவர்களின் கதை ஓர் இடத்தில் வந்து நிற்கிறது. அப்படி நிற்கவும் செய்யாமல், அடுத்த பாகத்துக்கு இடம் வைத்துக்கொண்டு கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போகிற நாவல்களும் உண்டு. அவற்றைத் திட்டுவதற்கு நானும் கூட வருகிறேன்.

கிடைத்த குழந்தை, வளர்த்தவர்களிடமே இருக்க விரும்பினால்? எனக்குத் தூக்கமே வரவில்லை.

என்னைக் கேட்டால் இந்த வகையின் மிகச் செழிப்பான நிலம் இதுதான், தேடல் முடிந்த பிறகு தொடங்கும் கதை. ஜாக்குலின் மிச்சர்டின் 'த டீப் எண்ட் ஆஃப் தி ஓஷன்' நாவலில் ஓட்டல் ஒன்றின் கூட்டத்தில் தொலைந்த மூன்று வயது மகன் ஒன்பது ஆண்டுகள் கழித்துக் கிடைக்கிறான். கிடைத்தவனுக்குப் பெற்றவர்கள் அந்நியர்கள். கடத்தல் பற்றி எதுவும் அறியாமல் அவனை வளர்த்தவரைத்தான் அவன் அப்பா என்கிறான். 1996 செப்டம்பரில் ஓப்ரா வின்ஃப்ரே தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் புத்தகக் கழகம் ஒன்றைத் தொடங்கியபோது முதல் தேர்வு இந்த நாவல்தான். பெருங்கூட்டமாக உட்கார்ந்து பேச இதைவிடத் தோதான கதையைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

டெனிஸ் லெஹேனின் 'கான், பேபி, கான்' (1998) இன்னும் கொடுமையான கேள்வியைக் கேட்கிறது. கிடைத்த சிறுமி நல்லவர்கள் வீட்டில் மகிழ்ச்சியாக இருக்கிறாள். பெற்றவளோ அவளைக் கவனிக்கவே மாட்டாள் என்று நமக்கு நன்றாகத் தெரியும். துப்பறிபவன் சட்டப்படி அவளைத் தாயிடம் திருப்பிக் கொடுக்கவைக்கிறான். இதைப் பேசிய கூட்டங்களில் நான் ஒருமுறைகூட ஒருமித்த கருத்தைப் பார்த்ததில்லை. வேடிக்கை என்னவென்றால், முதல் அத்தியாயத்தில் "குழந்தை தாயிடம் போய்ச் சேர வேண்டும்" என்று பதறியவர்களே கடைசி அத்தியாயத்தில் "போகக் கூடாது" என்கிறார்கள். குழந்தையை இரண்டாக வெட்டிப் பங்கிடச் சொன்ன சாலமோன் கதையில் யார் உண்மைத் தாய் என்று கண்டுபிடித்தால் வழக்கு முடிந்துவிடும். இந்த நாவல்களில் அது தெரிந்த பிறகுதான் வழக்கு தொடங்குகிறது.

உண்மைச் சம்பவத்தை வைத்து இப்படி எழுதுவது சரியா?

எழுதலாமா என்பதைவிட எப்போது, எவ்வளவு நெருக்கமாக என்பதுதான் கேள்வி. லெஹேனின் நாவல் 2007இல் படமாக வந்தபோது, அதே ஆண்டு மே மாதம் ஒரு பிரிட்டிஷ் சிறுமி வெளிநாட்டில் காணாமல்போயிருந்தாள். ஒற்றுமை மனதை உறுத்தும் என்பதால் பிரிட்டனில் மட்டும் வெளியீட்டை மறு ஆண்டுக்குத் தள்ளிவைத்தார்கள். நாவல் எழுதப்பட்டது அந்தச் சம்பவத்துக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு. யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை, ஆனாலும் ஒதுங்கி நின்றார்கள். அது சரியான செயல்தான். இன்னும் தேடிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்தின் பெயரை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே வைத்து, கடைசியில் தாய்தான் குற்றவாளி என்று திருப்பம் கொடுக்கும் நாவல் என் கைக்கு வந்தால் நான் படிக்கமாட்டேன்.

பெற்றோர் ஆன பிறகு இதுபோன்ற நாவல்களைப் படிக்கவே முடியவில்லை. நான் பலவீனமாகிவிட்டேனா?

இல்லை. முன்பு அது கதையாக இருந்தது, இப்போது அதில் உங்களுக்குத் தெரிந்த முகம் வந்துவிடுகிறது. படித்தே ஆக வேண்டும் என்றால் பகலில் படியுங்கள், கடைசி அத்தியாயத்தை முதலில் படியுங்கள். இல்லையென்றால் சில வருடங்கள் தள்ளிவையுங்கள்.

எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் இதைப் பேச எடுத்திருக்கிறோம். எங்கிருந்து தொடங்கலாம்?

முடிவிலிருந்து தொடங்காதீர்கள், நேரம் முழுவதையும் அதுவே தின்றுவிடும். நாங்கள் ஒரு விதி வைத்திருக்கிறோம். தாயைப் பற்றிப் பேச விரும்புகிறவர், முதலில் குழந்தை தொலைந்த அந்தச் சில நிமிடங்களில் தந்தை என்ன செய்துகொண்டிருந்தான் என்று புத்தகத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். பெரும்பாலும் யாரும் உடனே பேசுவதில்லை. பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டும் சத்தம்தான் கொஞ்ச நேரம் கேட்கும்.